நோட்டீஸில் யார் பெயர்?

ஆடிக் காற்றுக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு ஆடி நோட்டீஸ் வந்துவிடும். அம்பத்தூரில் கிரில் கேட் இருக்கிற எந்த வீடும் இதற்குத் தப்பாது. மெல்லிய மஞ்சள் தாள், நாலாக மடித்துக் கம்பி இடுக்கில் செருகியிருக்கும். பிரித்தால் மேலே அம்மன், இரண்டு பக்கமும் வேப்பிலை. வெள்ளிக்கிழமை காப்பு கட்டுதல், சனிக்கிழமை பால்குடம், ஞாயிறு காலை கூழ் வார்த்தல், இரவு கும்பம். அதற்குக் கீழே ஆரம்பிக்கும் பாருங்கள், பெயர்கள்! கேழ்வரகு உபயம் இன்னார். வெல்லம் உபயம் இன்னார். சீரியல் செட் உபயம், பூ அலங்காரம் உபயம், மோர்ப் பந்தல் உபயம். ‘பம்பை, உடுக்கை, அம்மன் வர்ணிப்பு’ என்று தடித்த எழுத்தில் போட்டு, குழுத் தலைவர் பெயர், அவர் ஊர், கூடவே செல்போன் எண். ரேடியோ செட்காரர் பெயர். கடைசி வரியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவில், அச்சகத்தின் பெயர். எழுத்துப் பிழை நாலைந்து இருக்கும். விட்டுப்போன பெயர் இருக்காது. இருந்தால் அந்த வருஷம் திருவிழா சண்டையில் முடியும்.

ஒரு ஆடியில், அதே வாரம், கைப்பேசிக்கு இன்னொரு அழைப்பு வந்தது. நகரத்துக் கிரியேட்டிவ் ஏஜென்சி ஒன்று எங்கள் பக்கத்தில் நடத்தும் சமூகக் கலை விழா. வடிவமைப்பு கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பிழை கிடையாது. அடியில் ஏழு நிறுவனங்களின் இலச்சினைகள். நிகழ்ச்சி நிரலில் ‘மாலை 5.30 – நாட்டுப்புறக் கலை’. அவ்வளவுதான். ஆடுவது யார், எந்த ஊர், என்ன கலை, ஒன்றும் இல்லை. பேச வருகிற சிறப்பு விருந்தினருக்குப் படம் உண்டு, பதவி உண்டு. பறை அடிக்கிறவர் ‘நாட்டுப்புறக் கலை’ ஆகிவிட்டார்.

மஞ்சள் நோட்டீஸ் ஒருவரையும் விடவில்லை. பளபளப்பான அழைப்பிதழ் ஆடுகிறவரையே விட்டுவிட்டது. விளம்பர நிறுவனங்களும் வடிவமைப்புக் கூடங்களும் ‘கலையை மக்களிடம் கொண்டு போகிறோம்’ என்று புறநகர்களுக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தது அந்த இரண்டு அழைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான்.

சென்னையின் மேற்கு என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது லாரி, புழுதி, ஷிஃப்டுச் சங்கு. தப்பில்லை. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது 1964-இல் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை என்று இரும்பைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். பஸ் நிறுத்தங்களுக்கே கம்பெனிப் பெயர்தான். டன்லப்பில் டயர் செய்வது நின்று எத்தனையோ வருஷம் ஆகிறது. கண்டக்டர் இன்னும் ‘டன்லப் எல்லாம் எறங்கு’ என்றுதான் கூவுகிறார்.

இதே மண்ணில்தான் சுந்தரர் பாடிய திருமுல்லைவாயிலும், சம்பந்தர் பாடிய திருவலிதாயமும் இருக்கின்றன. திருவலிதாயம் என்றால் தெரியாது, பாடி என்றால் தெரியும். காஞ்சி வரதருக்கு விசிறி வீசிய திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லிக்காரர். பூந்தமல்லி என்று நாம் சுருக்கிவிட்ட பெயரில் இன்னும் கொஞ்சம் பூ மிச்சம் இருக்கிறது.

ஆலைகளுக்கும் அவற்றுக்கென்று ஒரு கலை நாள் இருந்தது. ஆயுத பூஜை. லேத் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு, கேட்டில் வாழைக்கன்று, பொரிகடலைப் பொட்டலம், மாலையில் ஷெட்டுக்கு முன்னால் இன்னிசைக் கச்சேரி. மிமிக்ரி செய்கிற ஃபிட்டர், எம்.ஜி.ஆர். பாட்டுக்கு ஆடுகிற வெல்டர். ஷெட்டுக்கு ஒருவராவது இருப்பார். ஆலை வாசலுக்கு வெளியே தொழிற்சங்கங்களின் வாயிற்கூட்டம், அங்கே பாட்டு. 1984-இல் பிரளயன் தொடங்கிய சென்னைக் கலைக் குழு, திரையும் விளக்கும் இல்லாமல் நாலு பேர் நிற்கிற இடம் மேடையாகும் என்று வீதி நாடகத்தில் காட்டியதும் இந்தக் காலத்தில்தான். இன்று தொழிற்பேட்டையின் பழைய ஷெட்டுகள் பலவற்றின் இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள். ஆயுத பூஜை நடக்கிறது. கச்சேரிதான் குறைந்துவிட்டது.

‘கிரியேட்டிவ் ஏஜென்சி’ என்ற சொல் இங்கே வருவதற்கு முன்பே அந்த வேலையைச் செய்கிற கடை இருந்தது. அதன் போர்டில் ‘ஆர்ட்ஸ்’ என்று எழுதியிருக்கும்.

பத்துக்குப் பத்து அறை. எனாமல் பெயின்டும் டர்பன்டைனும் கலந்த நெடி. கடைக்காரருக்கு ஆர்டிஸ்ட் என்றே பெயர். இயற்பெயர் ரேஷன் கார்டில் மட்டும். கல்யாணத்துக்கு வருக வருக, கட்சிக்குச் சுவர், மளிகைக் கடைக்குப் போர்டு, கோயில் திருவிழாவுக்குத் தட்டி, பள்ளி ஆண்டு விழாவுக்குப் பின்திரை, எல்லாம் அவர்தான். பெரிய படம் வரைகிற விதத்தைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறேன். கையளவு போட்டோ மேல் பென்சிலால் கட்டம் போடுவார். பிறகு நூலை நீலத்தில் தோய்த்து, ஒரு முனையைப் பையன் பிடித்துக்கொள்ள, சுவரில் வைத்து ஒரு சுண்டு. பட்டென்று நேர்கோடு விழும். அப்படியே குறுக்கிலும் நெடுக்கிலும். போட்டோவில் ஒரு கட்டத்தில் இருக்கிற மூக்கு, சுவரில் ஒரு கட்டத்துக்குப் போகும். பக்கத்தில் நின்றால் ஒன்றும் புரியாது, வெறும் வர்ணத் திட்டு. சாலையைக் கடந்து எதிர்ப் பக்கம் போய்த் திரும்பினால் எம்.ஜி.ஆர். சிரிப்பார். வேலை முடிந்ததும் வலது மூலையில் சின்னதாகக் கையெழுத்து, ‘ஆர்ட்ஸ்’ என்ற ஒட்டோடு. அந்தக் கையெழுத்துதான் அவருடைய விசிட்டிங் கார்டு.

இந்தக் கலைக்குச் சென்னையில் பெரிய வம்சம் உண்டு. 1957-இல் ‘வணங்காமுடி’ படத்துக்குச் சித்ரா தியேட்டரில் மோகன் ஆர்ட்ஸ் நிறுத்திய சிவாஜி கட்அவுட் 80 அடி உயரம். அந்த வம்சத்தின் கடைக்குட்டிகள்தான் அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட்டிலும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் ஏணி மேல் நின்றவர்கள். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. மூன்று நாள் வேலை மூன்று மணி நேரமாயிற்று. சிலர் கடன் வாங்கி கம்ப்யூட்டர் போட்டார்கள். சிலர் அடுக்குமாடிகளுக்கு வெள்ளையடிக்கப் போனார்கள். 2009-10 வாக்கில் சென்னை மாநகராட்சி போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க அண்ணா சாலைச் சுவர்களில் கோயிலும் நடனமும் வரையச் சொன்னபோது, பழைய பேனர் ஓவியர்களுக்குக் கொஞ்ச நாள் தூரிகை ஈரமானது.

ஃப்ளெக்ஸ் கடையைக் கலை என்று சொன்னால் சிரிப்பவர்கள் ஆடி மாதத்து வியாழக்கிழமை ராத்திரி ஒருமுறை அங்கே போய் உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் இருபத்து மூன்று வயதுப் பையன். பின்னால் விழாக் குழுவினர் ஆறு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கோரல் டிராவில் அம்மன் முகம் ஏறும். பிறகு மனிதத் தலைகள். எந்தத் தலை எந்த வரிசை, எந்தத் தலை எந்த அளவு என்பதில் ஊர் அரசியல் முழுக்க அடங்கியிருக்கிறது. தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் தலை ஒரே அளவில் வந்துவிட்டால் தொலைந்தது. ‘என் போட்டோ ஏன் அவருக்குக் கீழே?’ என்பார் ஒருவர். பையன் மறு பேச்சில்லாமல் அந்தத் தலையை அரை அங்குலம் மேலே ஏற்றுவான், பழைய தலையை ஒரு சுற்று பெரிதாக்குவான். இரண்டு பேருக்கும் திருப்தி. இந்தச் சாமர்த்தியத்தை எந்த டிசைன் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, அதைச் சுற்றி வெள்ளை விளிம்பு. அழகியல் தெரிந்தவர்களுக்குக் கண் கூசும். ஓடுகிற 70-ஆம் நம்பர் பஸ்ஸிலிருந்து ஒரே பார்வையில் படிக்க முடியும். நள்ளிரவுக்கு மேல் மெஷின் இழுக்க, மசி நெடியோடு அம்மன் அங்குலம் அங்குலமாக வெளியே வருவாள். காலை ஐந்து மணிக்குப் பைப் சட்டத்தில் கட்டித் தெருமுனையில் நிற்பாள்.

இதைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய கல்யாண பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பொறியாளர் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அனுமதி இல்லாத பேனர். அந்தக் காற்றும் அந்தப் பேனர்ச் சட்டமும் எந்தத் தெருவிலும் இருந்திருக்கலாம். திருவிழா முடிந்த மறுநாள் அத்தனை ஃப்ளெக்ஸும் ஆட்டோ கூரைக்கும் கோழிக் கூண்டுக்கும் போகிறது. மிச்சம் சாக்கடையை அடைக்கிறது. நகரத்து வடிவமைப்பாளர்களுக்கு இங்கே செய்ய உண்மையான வேலை இருக்கிறது. அந்தப் பையனோடு உட்கார்ந்து துணியிலும் தாளிலும் என்ன செய்யலாம் என்று பார்ப்பது. அதை விட்டுவிட்டுப் பெரும்பாலும் அவர்கள் சுவர் தேடி வருகிறார்கள்.

சுவர் பேசுமா?

சுவர் என்றால் கண்ணகி நகரைப் பற்றிப் பேசாமல் முடியாது. நகரத்தின் இன்னொரு கோடி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் வேறு பல குடிசைப் பகுதிகளிலிருந்தும் அப்புறப்படுத்திய குடும்பங்களை 2000 முதல் குடிசை மாற்று வாரியம் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். பதினைந்தாயிரத்துக்கு மேல் வீடுகள். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அங்கே வளர்ந்தவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன் சென்னை மாநகராட்சியோடும் ஏஷியன் பெயின்ட்ஸோடும் சேர்ந்து அந்தக் கட்டடங்களின் பக்கச் சுவர்களை மாடி உயரத்துக்கு ஓவியங்களாக்கியது. டெல்லி லோதி காலனியில் செய்து பெயர் வாங்கிய அமைப்பு அது. ஏ-கில் என்ற பெயரில் வரையும் சென்னை ஓவியர் உட்படப் பலர் வரைந்தார்கள். கண்ணகி நகர் ‘கலை மாவட்டம்’ ஆயிற்று. கேமராக்கள் வந்தன.

இதைக் கரித்துக்கொட்ட எனக்கு மனம் வரவில்லை. குற்றச் செய்தியில் மட்டும் பெயர் அடிபட்ட இடத்துக்கு ஜனங்கள் படம் எடுக்க வந்தது சின்ன விஷயம் இல்லை. அந்தச் சுவரின் அடியில் நின்று வளர்கிற குழந்தைக்குத் தன்னைப் போன்ற ஒரு முகம் நாலு மாடி உயரத்தில் சிரிப்பது ஏதோ செய்யும். ஆனால் வர்ணம் சுவருக்கு வெளிப்பக்கம்தான். உள்ளே தண்ணீர் வரும் நேரமும் பள்ளியும் பஸ்ஸும் வேறு கணக்கு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அதில் ஆடிய கார்த்திகாவை நாடே ‘கண்ணகி நகர் கார்த்திகா’ என்று கூப்பிட்டது. முகவரி முதல் தடவையாகப் பெயருக்கு முன்னால் பட்டம் மாதிரி வந்து உட்கார்ந்தது. தினம் சாயங்காலம் மண்ணில் நடந்த பயிற்சியின் பலன் அது. பயிற்சியாளர் நாலு வாரம் வந்துவிட்டுப் போயிருந்தால் கிடைத்திருக்காது.

மேற்கிலும் இதே மாதிரி இடங்கள் உண்டு. அம்பத்தூரை அடுத்த அத்திப்பட்டிலும், பூந்தமல்லிக்கு அப்பால் கூடப்பாக்கத்திலும் அதே வாரியத்தின் அடுக்குமாடிகள். கூவக் கரையிலிருந்து வந்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். நாளைக்கு யாராவது ஏணியும் டப்பாவும் எடுத்துக்கொண்டு அங்கே வரக்கூடும். வரட்டும். முதல் கேள்வி, என்ன வரையப் போகிறீர்கள் என்பதாக இருக்க வேண்டாம். அடுத்த வருஷமும் வருவீர்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரம் 1984-இல் சுவரில் கிறுக்குகிற பையன்களைத் திருத்த ஒரு திட்டம் ஆரம்பித்தது. ஜேன் கோல்டன் என்ற ஓவியர் அந்தப் பையன்களோடு வேலை செய்ய வந்தார். அதுதான் இன்றைய மியூரல் ஆர்ட்ஸ். நாற்பது வருஷமாக அதே ஊரில், தெருக்காரர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசிய பிறகுதான் சுவரில் கை வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஓவியங்கள். தங்கிவிட்டதுதான் அதன் சிறப்பு.

நம் ஊரிலேயே இரண்டு வழியும் பார்த்தாயிற்று. 2007-இல் தமிழ் மையமும் அரசும் சேர்ந்து ஆரம்பித்த சென்னை சங்கமம், பூங்காவிலும் கடற்கரையிலும் கரகத்தையும் தேவராட்டத்தையும் கொண்டுவந்து இறக்கியது. சபாவுக்குள் போகாத நகரவாசி முதல் தடவை தப்பாட்டத்தைப் பத்தடி தூரத்தில் பார்த்தான். 2011-இல் ஆட்சி மாறியது, சங்கமம் நின்றது. 2023 பொங்கலுக்கு ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்று கலை பண்பாட்டுத் துறை திரும்ப எடுத்தது. அண்மை ஆண்டுகளில் எங்கள் அம்பத்தூர் எஸ்.வி. விளையாட்டுத் திடலும் அதில் ஓர் இடம். தீவுத்திடலுக்குப் போய்ப் பார்த்ததை வீட்டிலிருந்து நடந்து போய்ப் பார்ப்பது தனி சுகம். ஆனால் இடையில் பத்து வருஷத்துக்கு மேல் காணாமல் போனதே, அந்தக் காலத்தில் அந்தக் கலைஞர்கள் எந்த அழைப்பை நம்பிப் பொங்கலுக்கு ஊரில் காத்திருந்தார்கள்?

இன்னொரு வழி, கேட்டு வாங்காமல் தாமே கட்டிக்கொண்ட மேடை. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர்களும் டி.எம். கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் போன்றவர்களும் சேர்ந்து கடலோரத்தில் நடத்திய விழா. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் மேடையேற்றிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. வட சென்னைக் கானா பாடகர்கள் கோட் சூட் போட்டுக்கொண்டு, பெயரோடு, முன்வரிசையில் நின்றார்கள். 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ வந்தபோது சபா சீசனுக்கே ஒரு பதில் கிடைத்தது. அந்த மேடைகளில் ‘நாட்டுப்புறக் கலை’ என்று எவரும் வந்து நிற்கவில்லை. ஆட்கள் வந்து நின்றார்கள்.

படுத்திருக்கும் துரியோதனன்

இந்த மேற்குப் பக்கத்தின் மிகப் பெரிய பொதுக் கலைப் படைப்பைப் பார்க்க வேண்டுமானால் சுவரைப் பார்த்துப் பயனில்லை, தரையைப் பார்க்க வேண்டும். பூந்தமல்லியைத் தாண்டித் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் சித்திரை, வைகாசியில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரியில் தெருக்கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். கடைசி நாள் காலையில் படுகளம். அதற்கு முன்பே களிமண்ணில் துரியோதனனைச் செய்துவைத்திருப்பார்கள். மல்லாந்து படுத்த உருவம், தலையிலிருந்து கால்வரை நாம் பத்துப் பதினைந்து எட்டு வைத்து நடக்கலாம். கிரீடம், மீசை, மார்பில் வர்ணம், தொடையில் ஒரு இடம் மட்டும் தனியாகத் தெரியும். விடிய விடிய ஆடிய கூத்துக்காரர்கள், முகத்து அரிதாரம் வழிய, கட்டை கட்டிய தோளோடு அந்த மண் உடம்பைச் சுற்றி ஓடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். குங்குமத் தண்ணீர் ரத்தமாக ஓடும். திரௌபதி கூந்தல் முடிவாள். அடுத்த கணம் பெண்கள் ஓடிவந்து அந்த மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். குதிரில் போட்டால் நெல் குறையாது என்று நம்பிக்கை. ஒரு மணி நேரத்தில் துரியோதனன் இருந்த இடத்தில் பள்ளம்தான் மிச்சம்.

உலகத்துப் பெரிய கலைக் கண்காட்சிகளில் இன்ஸ்டலேஷன் என்றும், பார்வையாளர் பங்கேற்பு என்றும் எதைப் பேசுகிறார்களோ அது முழுக்க இங்கே இருக்கிறது. செய்தவர் ஊர்க் குயவர். கட்டணம் ஊர் வரி. இலச்சினை ஒன்றுகூடக் கிடையாது. கூத்துக்காரர்களுக்கு இப்போது இருக்கிற சங்கடம் வேறு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் சில நாள் மட்டும் நள்ளிரவுவரை அரசு தளர்த்தலாம். கூத்து சூடு பிடிப்பதே பதினொன்றுக்கு மேல். கிராமம் நகரத்தோடு ஒட்ட ஒட்ட, அடுக்குமாடிக்காரர் ஒருவர் போலீஸுக்குப் போன் போடுகிறார், கட்டியங்காரன் பாதி வசனத்தில் மைக்கை அணைக்கிறான். அடுக்குமாடிக்காரரும் காலையில் ஷிஃப்டுக்குப் போகிறவர்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேச ஆள் வேண்டும்.

அந்த ஆள் வேலைதான் ஏஜென்சிகளுக்கு நன்றாக வரும் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்து விசித்திரம் ஒன்றைச் சொல்கிறேன். அம்பத்தூர் 2011-இலேயே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது, ஏழாவது மண்டலம். காவல் நிலையமோ 2022 முதல் ஆவடி கமிஷனரேட்டில். ஆக அம்பத்தூர்த் திடலில் விழா நடத்துகிறவர் இடத்துக்குச் சென்னையிடமும், மைக்குக்கு ஆவடியிடமும் மனு கொடுக்க வேண்டும். ஆவடிக்குத் தனி மாநகராட்சி, பூந்தமல்லிக்கு நகராட்சி, போலீஸ் மட்டும் அதே ஆவடி. கோயில் விழாக் குழுவுக்கு இதெல்லாம் மனப்பாடம். பறைக் குழு நடத்துகிற பையனுக்குத் தெரியாது. மனு எழுதுவது, காப்பீடு, பில், படம் பிடித்து ஒழுங்காக அடுக்கிவைப்பது, பணம் தேடுவது, இவை ஏஜென்சிக்குத் தினசரி வேலை. மேடையில் ஏற வேண்டாம், மேடைக்குப் பின்னால் நில்லுங்கள்.

பணம் எங்கே இருக்கிறது என்பதும் ரகசியமில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருப்பது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். செலவிடக்கூடிய இனங்களின் பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் உண்டு. மேற்குத் தொழிற்பேட்டைகளில் அந்த வரம்பைத் தாண்டியவை இருக்கின்றன. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: மாரத்தான், விருது விழா போன்ற ஒரு நாள் கூத்துகள் இந்தக் கணக்கில் வராது என்று 2014-இலேயே மத்திய அரசு சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. விளம்பர ஆதாயத்துக்காகச் செய்கிற ஸ்பான்சரும் கணக்கில் வராது என்று 2021 விதித் திருத்தம் சேர்த்தது. அதாவது, மேடையில் பெரிய இலச்சினையைக் கட்டிவிட்டுப் போகிற விழாவைச் சட்டமே விளம்பரம் என்று கண்டுபிடித்துவிட்டது. ஒரு கூத்துப் பள்ளிக்கு மூன்று வருஷம் தொடர்ந்து பணம் கொடுத்தால் அது தொண்டு. 1990-இல் காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலமே நடத்திப் பிள்ளைகளுக்குக் கூத்தும் பள்ளிப் படிப்பும் சேர்த்துக் கொடுத்தது. அந்த மாதிரி ஒரு இடத்துக்கு வேண்டியது வருஷக் கணக்கில் வருகிற பணம். ஒரு மாலைக்கு வருகிற பூங்கொத்தை வைத்து அரிசி வாங்க முடியாது.

கொடுக்கிற சம்பளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘உங்களுக்கு இது நல்ல மேடை, நிறையப் பேர் பார்ப்பார்கள்’ என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிற பழக்கம் நகரத்து விழாக்களில் உண்டு. அதைச் சொல்கிறவர் தன் ஒலிப்பதிவாளருக்கோ கேட்டரிங்காரருக்கோ அப்படிச் சொல்ல மாட்டார். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது, உறுப்பினர் அட்டை இருக்கிறது. அட்டையைப் பார்த்து, வங்கிக் கணக்கு எண் கேட்டு, முன்பணம் போட்டு, வேன் வாடகையும் ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து எழுதினால் அது ஒப்பந்தம். எங்கள் தெரு விழாக் குழு, ஆறாம் வகுப்பு தாண்டாத தலைவரை வைத்துக்கொண்டு, பம்பைக்காரருக்கு வெற்றிலைப் பாக்கோடு முன்பணம் வைத்துத்தான் தேதி வாங்குகிறது. பேசிய தொகையில் ஒரு ரூபாய் குறைத்தாலும் அடுத்த ஆடிக்கு அவர் வேறு ஊருக்குப் போய்விடுவார் என்று அதற்குத் தெரியும்.

மஞ்சள் நோட்டீஸை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பம்பைக்காரரின் செல்போன் எண் அதில்தான் இருக்கிறது. கைப்பேசிக்கு வந்த அழைப்பில் ‘நாட்டுப்புறக் கலை’ என்று மட்டும் குறித்திருந்த ஆட்டக்காரரை எங்கள் பள்ளிப் பொங்கல் விழாவுக்குக் கூப்பிடலாம் என்று பிறகு தேடினேன். பெயர் தெரியாததால் முடியவில்லை.

அழைப்பிதழ் தயாரிக்கிறவர்களே, ஏழு இலச்சினைகளுக்கு இடம் ஒதுக்குகிறீர்கள். எட்டாவதாக ஒரு வரி விடுங்கள்: பறை அடிப்பவர் பெயர், அவர் ஊர், அவர் எண்.